பரமண்ணையின் கைராசியும் நாற்பது குதிரைவலுவும்

முடிச்சு எப்படிப் போடுவது, மிதவையின் நிறத்துக்கு என்ன அர்த்தம், கால்வாயில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதையெல்லாம் நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. இப்போது கைபேசியிலேயே கேள்வியும் பதிலும் வந்துவிட்டன. கெல்சென்கிர்ச்சனில் படகு ஓட்டப் படிப்பித்த காலம் முழுக்க, பரீட்சையில் தோற்றவர்களைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. தேறியவர்களைப் பற்றித்தான் கவலை. தோற்றவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். தேறியவர் படகு வாங்குவார்.

நீங்கள் நாலைந்து பேர் புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்து, சட்டப் பிரிவுகளை ஜெர்மன் மொழியில் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறீர்கள். எனக்குப் பொறாமைதான், ஒளிக்கவில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்தால், கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தே தீரும். "என்ர போட்டை வேற ஆளிட்டைக் குடுக்கலாமோ?" சட்டம் அதற்குச் சொல்லும் பதில் சின்னது. அந்தப் பதிலை எங்கள் குடும்பங்களுக்குள் கொண்டுபோய் நிறுத்துவதுதான் பெரும்பாடு.

சட்டத்தை ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். என்ஜின் பதினைந்து குதிரைவலுவுக்கு மேல் என்றால் ஃபியூரர்ஷைன், அதாவது படகு ஓட்டும் அனுமதிப்பத்திரம், வேண்டும். ரைன் நதியில் அந்த எல்லை இன்னும் கீழே. பத்திரம் இல்லாதவர் சுக்கானைத் தொடவே கூடாதா என்றால், தொடலாம். பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும், உடம்பும் புத்தியும் சரியாக இருக்க வேண்டும். பத்திரம் உள்ளவர் அதே படகில், குடிக்காமல், விழிப்பாக, எந்த நேரமும் தலையிடக்கூடியவராக இருக்க வேண்டும். அவர்தான் ஷிஃப்ஸ்ஃபியூரர், படகின் பொறுப்பாளர். எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. யார் அந்த ஆள் என்பதைக் கயிறு அவிழ்க்க முன்னமே முடிவு செய்துவிட வேண்டும். பத்திரம் இல்லாதவரிடம் படகைக் கொடுத்துவிட்டு உரிமையாளர் கரையில் நின்று கையசைத்தால், ஓட்டியவரோடு சேர்ந்து அவரும் மாட்டிக்கொள்வார்.

எனக்கு இதைப் படிப்பித்தவர் என்னைவிட வயதில் குறைந்த ஒரு தாடிக்காரர். அவர் இதற்கு வகுப்பு எடுத்ததே இல்லை. சுக்கானை என்னிடம் தந்துவிட்டு இடப்பக்கம் இருந்து பாண் சாப்பிடுவார். எப்போதும் இடது கையால்தான். இடதுகைக்காரர் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் அவர் வலது கையால் எழுதுவதைக் கண்டு கேட்டேன். வலது கை உன் சுக்கானுக்காக வைத்திருப்பது, அதற்கு வேறு வேலை கொடுக்க மாட்டேன் என்றார். பிறகு நான் படிப்பித்த காலம் முழுக்க என் வலது கையும் சும்மாதான் இருந்தது.

இதை விளங்காதவர்களும் உண்டு. சென்னையிலிருந்து வந்த மென்பொருள் பொறியாளர் ஒருவர், என்னிடம் படித்துத் தேறியவர், வாடகைப் படகை நண்பரிடம் ஓட்டக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். நீர்ப் பொலிஸ் வந்து தட்டி எழுப்பியபோது வாயில் பியர் மணம். "மேடம், டெக்னிக்கலா நான் போட்லதான இருந்தேன்" என்று என்னிடம் வந்து முறையிட்டார். தம்பி, படகிலே லைஃப் ஜாக்கெட்கூடத்தான் இருந்தது, அதையும் பொறுப்பாளர் என்று சொல்வோமா என்று கேட்டேன். அவர் இப்போது சைக்கிள் ஓட்டுகிறார்.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். என் தொழில் வாழ்க்கையில் நான் மிகவும் பெருமைப்படுகிற காலைப்பொழுது அது. பெருமையை அடக்கிச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குகன் எசனில் வீடுகளுக்கு வெப்பமூட்டும் கருவி பொருத்துகிறவன். கைவேலையில் கெட்டிக்காரன். என்னிடம் படித்த காலத்தில் படகை அவன் கரையோடு அணைக்கிற வடிவைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் செய்முறைப் பரீட்சையில் இரண்டு தரம் தோற்றான். காரணம் அவனுடைய மரியாதை. தண்ணீரில் ஆள் விழுந்தால் படகின் பொறுப்பாளர் மற்றவர்களுக்குக் கட்டளை போட வேண்டும். நீ அந்த ஆளைப் பார்த்துக்கொண்டே இரு, நீ வளையத்தை எறி என்று உரத்துச் சொல்ல வேண்டும். இவனோ பரீட்சகரைப் பார்த்து, தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் அந்த வளையத்தைக் கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டு நிற்பான். அதற்குள் தண்ணீரில் விழுந்தவர் ஹொலந்து வரைக்கும் மிதந்து போயிருப்பார். மூன்றாம் தரம் நான் அவனைக் கால்வாய்க் கரையில் நிறுத்தி, போகிற வருகிற வாத்துகளைப் பார்த்துக் கட்டளை போட வைத்துத்தான் தேறச் செய்தேன்.

தேறிய கையோடு, பலர் கைமாறிய ஒரு வெள்ளைப் படகை வாங்கினான். நாற்பது குதிரைவலு. அவன் மனைவி சுமதி பல் வைத்தியரிடம் வேலை செய்கிறவள். அவள் படகைப் பார்க்கக்கூட வரவில்லை. யுத்த காலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது, கிளாலிக் கடலேரியை இரவில், கடற்படைக்குப் பயந்து விளக்கில்லாத படகில் கடந்து வந்தவள் அவள். அதன் பிறகு எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. பீலெஃபெல்டில் அவளுடைய தங்கச்சியின் பிள்ளைகள் பூங்காக் குளத்தில் மிதிபடகு ஓட்டினால்கூட, இவள் கரையில் அவர்களுடைய சப்பாத்துகளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாளாம்.

குகன் கெஞ்சியதில் கடைசியாக ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். "மாமா முதல் ஓடட்டும். அவரின்ர கை பட்டு ஒரு பிசகும் வராட்டி நான் ஏறுறன். ஏதும் பிசகினா வித்துப்போடுங்கோ, பிறகு என்னைக் கேக்கக்கூடாது." குகனும் ஓம் என்றுவிட்டான். அவனுக்கு அந்தப் படகு வெறும் படகு இல்லை. வேலை முடிந்த மாலைகளில் அவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கால்வாயில் மெதுவாகப் போகிற ஒரு கனவை வகுப்புக்கு வந்த முதல் நாளே அவன் எனக்குச் சொல்லியிருந்தான்.

மாமா என்பது சுமதியின் தாய்மாமன் பரமநாதர். எல்லோருக்கும் பரமண்ணை. ஊரில் லொறி ஓட்டியவர், இங்கே தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எசனிலும் கெல்சென்கிர்ச்சனிலும் எங்கள் ஆட்கள் புதுக் கார் வாங்கினால் முதல் ஓட்டிக் கொடுப்பது அவர்தான். அவ்வளவு கைராசி. அவர் தொட்ட கார் இடிபட்டதே இல்லை என்று ஊரே சொல்லும். யாருடையதோ பின்கண்ணாடி உடைந்ததே என்று கேட்டால், அது நிற்கும்போது நடந்தது, ஓடும்போது நடந்ததில்லை என்பார்கள். முறையும் அவருடையதுதான். அவர் தனியாக ஏறுவார். சொந்தக்காரர் பூசைத் தட்டத்தோடு வெளியே நிற்பார். சக்கரத்தின் கீழ் வைத்த தேசிக்காயை, அதாவது எலுமிச்சம்பழத்தை, நசித்துக்கொண்டு கார் நகரும். அதன் பிறகுதான் சொந்தக்காரர் உள்ளே ஏறலாம்.

முதல் ஓட்டத்துக்குத் துணையாக இருக்கும்படி குகன் என்னையும் கேட்டிருந்தான். நான் போனபோது கால்வாயோரத்துப் படகுத்துறை கோயில் வீதி மாதிரிக் கிடந்தது. படகுக்குச் சந்தனப் பொட்டு, மாலை. பரமண்ணை பட்டு வேட்டியில், தேசிக்காயை எங்கே வைப்பது என்ற யோசனையில் இருந்தார். படகுக்குத்தான் சக்கரம் இல்லையே. கடைசியில் ஒரு வலைப்பையில் போட்டு, படகு வந்து அணைகிற மரத்தூணோடு கட்டிவிட்டார். புறப்படும்போது அது நசியாது, திரும்பி வந்து அணையும்போதுதான் நசியும் என்று நான் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

அப்போதே நான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அண்ணை தாராளமாக ஓட்டலாம், ஆனால் குகன் படகுக்குள்ளே, பக்கத்தில் இருக்க வேண்டும், சட்டம் அப்படி என்றேன்.

"தங்கச்சி, நான் ஓடாத வாகனமோ? முதல் ஓட்டத்திலை சொந்தக்காரன் உள்ளுக்கு இருக்கிறது முறை இல்லை" என்றார்.

இது தண்ணீர், இங்கே முறை வேறு என்று விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு "ஓமோம்" என்றார். அந்த ஓமோம் எப்படிப்பட்டது என்று உங்கள் வீடுகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அந்த நேரம் பார்த்துத் துறையின் பொறுப்பாளரான ஜெர்மன்காரர் விறுவிறு என்று வந்தார். பெட்ரோல் நிரப்பும் பம்புக்குப் பக்கத்தில் கற்பூரம் எரிகிறதே என்று அவருக்குப் பயம். நியாயம்தானே. கற்பூரத்தை ஊதி நூர்க்கச் சொல்லிவிட்டு, நான் திரும்பி வரும்வரை என்ஜினைத் தொட வேண்டாம் என்று குகனிடம் கண்டிப்பாகச் சொல்லி, அவரைச் சமாதானப்படுத்த அவரோடு அலுவலகம் வரை போனேன். அவர் கோபம் தணிந்து, தேங்காய் எதற்கு உடைக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கியபோது என்ஜின் சத்தம் கேட்டது.

ஓடி வந்தேன். நல்ல நேரம் முடியப்போகிறது என்று பரமண்ணை மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறார். தனியாக ஏறி, திறப்பை, அதாவது சாவியை, திருப்பி, "தம்பி, கயிறை அவிழ்" என்றிருக்கிறார். குகன் ஒரு கையில் தட்டம், மறு கையால் அவிழ்த்துவிட்டான். பிறகு என்னிடம் சொன்னான், "ரீச்சர், நான் அவிழ்க்கேல்லை. மாமா சொன்னார், என்ர கை அவிழ்த்துப்போட்டுது." நான் திட்டவில்லை. மாமா சொல்லி அவிழாத கயிறு எங்கள் ஆட்களிடம் எங்கே இருக்கிறது?

படகு மெதுவாகத்தான் போனது. அழகாகத்தான் போனது. கரையில் நின்ற நாலு உறவுக்காரர் கை தட்டினார்கள். துறையின் வாய் வரைக்கும் போய்ப் பரமண்ணை நிறுத்தப் பார்த்திருக்கிறார். தலையைக் குனிந்து காலடியில் எதையோ தேடுவது தெரிந்தது. படகில் பிரேக் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது. அதே நேரம் வலப்பக்கத்து மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு சரக்குக் கப்பலின் மூக்கு வெளியே வந்தது. சுமை ஏற்றித் தண்ணீரில் தாழ்ந்து வரும் நீளமான கப்பல். அப்படி ஒன்று நினைத்த இடத்தில் நிற்காது. பரமண்ணை அதே வேகத்தில் போனால் அதன் முன்னால்தான் போய் நிற்பார்.

சுமதி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். குகன் தட்டத்தைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதிக்கச் சட்டையைக் கழற்றினான். நான் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன். நீந்திப் படகைப் பிடிக்கிறவனை நான் இதுவரை கண்டதில்லை. போன் எடு, மாமாவுக்கு அடி என்றேன்.

அடித்தான். பரமண்ணை எடுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்ப்பதும், திரும்பப் பையில் வைப்பதும் கரையிலிருந்தே தெரிந்தது. ஏனென்றால் வாகனம் ஓடும்போது அவர் போன் எடுக்க மாட்டார். இத்தனை வருடமாகப் பெருமையோடு காப்பாற்றிவரும் கொள்கை அது.

அப்போது சுமதி தன் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அவள் அடித்தால் அவர் எடுப்பார், அவர் வளர்த்த பிள்ளை. எடுத்ததும் "பிள்ளை, ஓடேக்கை எடுக்கிறேல்லை எண்டு தெரியும்தானே" என்று அவர் தொடங்கியது எங்களுக்கும் கேட்டது. சுமதி குறுக்கே வெட்டினாள். "மாமா, போனை வையாதேங்கோ. இவர் சொல்லுறதை மட்டும் செய்யுங்கோ." சொல்லிவிட்டுப் போனைக் குகனின் வாய்க்கு நேரே நீட்டிப் பிடித்தாள்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் போனைப் பறித்து நானே பேசத்தான் என் கை துடித்தது. ஆனால் அந்தப் படகை முன்னுக்கும் பின்னுக்கும் செலுத்துகிற நெம்புகோல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது. சிலதில் பிடியின் கீழே ஒரு பூட்டு இருக்கும், அதைத் தூக்கினால்தான் நடுவிலிருந்து அசையும். சிலதில் இருக்காது. தெரிந்தவன் குகன். படகும் அவனுடையது, பொறுப்பும் அவனுடையது. பரமண்ணைக்கு நான் யாரோ ஒருத்தி, இன்னுமொரு ஓமோம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதனால் குகனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். திறப்பைத் திருப்பி நிறுத்தச் சொல்லாதே, என்ஜின் நின்றால் படகு வழுக்கிக்கொண்டே வெளியே போய்விடும், பிறகு திருப்ப ஒன்றும் இருக்காது.

குகன் வாயைத் திறந்தான். "மாமா, கோவிக்காதேங்கோ, ஏலுமெண்டா ஒருக்கா அந்த..."

"குகன், வாத்து" என்றேன் நான்.

அவன் ஒரு மூச்சு எடுத்தான். அதன் பிறகு அவன் வாயிலிருந்து வந்தது நான் அதுவரை கேட்டிராத குரல்.

"மாமா, காலாலை ஒண்டும் தேடாதேங்கோ. வலது கையை அந்தப் பிடியிலை வையுங்கோ. பின்னுக்கு இழுங்கோ, நடுவிலை கொழுவும். கொழுவிட்டுதோ? இப்ப பிடிக்குக் கீழை இருக்கிறதை விரலாலை தூக்குங்கோ. தூக்கிக்கொண்டு இன்னும் பின்னுக்கு. கனக்க வேண்டாம், கொஞ்சம். பிடியுங்கோ, விடாதேங்கோ. ஸ்ரேறிங்கைத் திருப்பாதேங்கோ மாமா, நேரை வையுங்கோ. இப்ப நடுவுக்கு. கையை எடுங்கோ."

கெஞ்சல் இல்லை. தயவுசெய்து இல்லை. பரமண்ணை சொன்னதைச் சொன்னபடி செய்தார். படகின் பின்னால் நுரை எழுந்தது, வேகம் செத்தது, துறையின் வாய்க்குள்ளேயே, சுவரின் விளிம்பைத் தாண்டாமல் நின்றது. சரக்குக் கப்பல் நீளமாக ஒரு ஊதல் ஊதிவிட்டு அதன் முன்னால் கடந்து போனது. போய் முடியவே நேரம் எடுத்தது. அலை வந்து வெள்ளைப் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. "பிடிச்சுக்கொண்டு இருங்கோ, எழும்பாதேங்கோ" என்று குகன் சொன்னான். பட்டு வேட்டி நனைய அவர் அப்படியே இருந்தார். பிறகு யாரோ ஒருவர் விசில் அடித்தார், அடித்தது நானாகவும் இருக்கலாம்.

துறையில் கட்டியிருந்த எங்கள் பள்ளியின் படகில் குகனை ஏற்றிக்கொண்டு போனேன். பக்கத்தில் அணைத்ததும் அவன் தாவி ஏறினான். இனி சுக்கானை அவன் வாங்கிக்கொள்வான், பரமண்ணை தலை குனிந்து பின்னால் போய் இருப்பார், சுமதி அதைக் கரையிலிருந்து பார்ப்பாள், படகு விலைக்குப் போகும் என்று என் மனம் கணக்குப் போட்டுவிட்டது. பரமண்ணையும் எழும்பப் பார்த்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

குகன் அவர் தோளில் கை வைத்து இருத்தினான். "நீங்களே கொண்டு வாங்கோ மாமா. உங்கடை கையாலைதான் இந்தப் போட் கரைக்கு வரவேணும். ஆனா நான் சொல்லுறபடி" என்றான். பிறகு அவருக்கு இடப்பக்கம் இருந்துகொண்டான். அவன் வலது கை சும்மா, சுக்கானுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. என் தாடிக்காரர் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சட்டமும் அதுதான், பிள்ளைகளே. ஓட்டுகிறவரிடம் பத்திரம் இல்லை. பொறுப்பாளர் பக்கத்தில், விழித்துக்கொண்டு, யார் என்று எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் குற்றமாக இருந்த அதே ஓட்டம் இப்போது முழுக்கச் சரி. பரமண்ணை அவன் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, பூனை நடக்கிற மாதிரிப் படகைக் கொண்டுவந்தார். மரத்தூணில் அணையும்போது வலைப்பைக்குள் தேசிக்காய் நசிந்து சாறு வடிந்தது. கரையில் எழுந்த கைதட்டலில் பக்கத்துப் படகுகளில் இருந்த ஜெர்மன்காரர்களும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள்.

துறையின் பொறுப்பாளர் மட்டும் கைதட்டவில்லை. முகம் சிவந்து வந்து, யார் இதற்குப் பொறுப்பு என்று கேட்டார். பரமண்ணை வாயெடுக்க முன்னமே குகன் முன்னால் வந்து நின்றான். நான்தான் ஷிஃப்ஸ்ஃபியூரர், அவரைத் தனியாக விட்டது என் பிழை, அவரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம் என்று சுத்தமான ஜெர்மனில் சொன்னான். அந்த மனிதர் அவனை நிற்க வைத்து நல்ல பாட்டுப் பாடினார். இன்னொரு தரம் நடந்தால் நேரே பொலிஸ்தான், துறையிலும் இடம் கிடையாது என்றார். குகன் எல்லாவற்றையும் நிமிர்ந்து நின்று கேட்டான். பரீட்சகருக்கு முன்னால் உடம்பு கூனிக் குறுகின பெடியன் இவன்தானா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகுதான் எல்லோரும் சுமதியைப் பார்த்தார்கள். பிசகு வந்துவிட்டதே. நிபந்தனை நிபந்தனைதானே. குகன் அவளிடம் போய், விளங்குது, அடுத்த கிழமையே விளம்பரம் போட்டுவிடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னான்.

சுமதி சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"கிளாலியிலை அண்டைக்கு ஓட்டி ஒருத்தர்தான் கதைச்சவர்" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. "பெரியாக்கள், வாத்திமார் எல்லாரும் படகிலை இருந்தவை. அசையாதேங்கோ எண்டு அந்தப் பெடியன் சொன்னான், ஒருத்தரும் அசையேல்லை. அதாலைதான் உயிரோடை வந்தம். எங்கடை வீட்டிலை ஆர் சொன்னா ஆர் கேப்பினம் எண்டு எனக்கு ஒருநாளும் தெரியாது. அதுதான் பயம். தண்ணிக்கு இல்லை."

பிறகு குகனிடம் கையை நீட்டினாள். "இண்டைக்கு மாமா நீங்கள் சொல்லக் கேட்டவர். எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம். பிடியுங்கோ."

அவன் பிடித்தான். அவள் ஏறினாள். அந்தக் காலையில் அவர்கள் துறைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அவள் இறங்கும்போது சிரித்துக்கொண்டு இறங்கினாள். பரமண்ணை வேட்டியைப் பிழிந்துகொண்டே, தன் கைராசி பொய்க்கவில்லை, பிள்ளை ஏறிவிட்டாள்தானே என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதானே, யார் மறுப்பது? அதற்குப் பிறகு அவர் ஒரு புது வழக்கம் பிடித்தார். தண்ணீரோ தரையோ, ஓட்டிக் கொடுக்கக் கூப்பிட்டால் முதலில் "ஆர் பொறுப்பு?" என்று கேட்பார். ஆள் பக்கத்தில் வந்து இருந்தால்தான் திறப்பைத் தொடுவார்.

எனவே வகுப்பில் அந்தக் கேள்வி வரும்போது, சட்டத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கேட்டவரின் பின்னால் ஒரு மாமா இருப்பார், ஒரு அண்ணை இருப்பார், சம்பந்தி இருப்பார். சுக்கானை அவர்களுக்குக் கொடுக்கலாம், தப்பில்லை, சந்தோஷமாகக் கொடுக்கட்டும். ஆனால் அவர்களைப் பார்த்து நிப்பாட்டுங்கோ என்று சொல்ல உங்கள் மாணவருக்கு நாக்கு எழும்புமா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். எழும்பாவிட்டால் கால்வாய்க் கரையில் வாத்துகள் நிறைய இருக்கின்றன.

நான் ஓய்வு பெற்ற கோடையில் அவர்கள் என்னைப் படகில் கூப்பிட்டார்கள். அதற்குள் சுமதியும் பத்திரம் எடுத்திருந்தாள், அதுவும் முதல் தரத்திலேயே. இதை நான் குகனுக்கு அடிக்கடி நினைவுபடுத்துவேன். படகில் பத்திரம் உள்ளவர்கள் நாங்கள் மூன்று பேர். கரையில் நின்ற பரமண்ணை வழக்கம்போலக் கேட்டார், "ஆர் பொறுப்பு?"

குகன் சுக்கானில் இருந்தான். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். வருடக்கணக்கான பழக்கத்தில் என் கை கயிற்றை அவிழ்க்கத் தானாகவே போனது.

"இண்டைக்கு நான்" என்றாள் சுமதி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, கயிறிலை கை வையாதேங்கோ. இருங்கோ."

நான் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் கீழ்ப்படிந்ததில்லை.